பாட்டியின் பாடிக்கு என்ன வயது?

மல்லாங்கிணற்றுப் பக்கம் பழைய வீடுகளில் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். திறந்தால் மேலே முகூர்த்தப் பட்டு, அதன் கீழ் நூல் சேலைகள், அடியில் விரித்த பழைய செய்தித்தாள். மூலையில் சுருட்டிச் செருகிய சில உருப்படிகளும் கிடக்கும்: வெள்ளைத் துணிப் பாடி, நாடா கோத்த உள்பாவாடை, முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை. பட்டுக்குக் கதை சொல்ல வீட்டில் ஆள் உண்டு. இவற்றுக்கு இல்லை. அடுத்த பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைக்கும்போது அடுப்படித் துணியாகிவிடும்.

வெளிநாடுகளில் இதே துணிகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2016-இல் உள்ளாடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008-இல் ஒரு தளத்துக்கு அடியில் அடைபட்டிருந்த குப்பைக்குள் கிழிந்த லினன் துணிகள் கிடைத்தன. அவற்றில் சில, இரண்டு கிண்ணம் வைத்துத் தைத்த பாடிகள். கார்பன் கணிப்பு அவற்றைப் பதினைந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. பாடி என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று அதுவரை பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண் இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துச் செய்ததற்கு 1914-இல் காப்புரிமை வாங்கிய கதைதான் எங்கும் சொல்லப்பட்டது.

நம் டிரங்குப் பெட்டியை யாரும் கார்பன் கணிப்புக்கு அனுப்பப் போவதில்லை. கண்ணும் விரலும்தான் கருவி. விதி ஒன்றுதான்: ஒரு துணியில் இருக்கும் மிகப் புதிய பொருளைவிட அந்தத் துணி பழையதாக இருக்க முடியாது. கிழவர் வேட்டியில் பேரன் தைத்த ஒட்டுப்போல, பின்னால் சேர்ந்ததைத் தனியே பிரித்துப் பார்த்துவிட்டு இந்த விதியைப் பிடிக்க வேண்டும். செய்தித்தாளின் தேதியும் பெட்டிக்கு விரிப்புப் போட்ட நாளைத்தான் சொல்லும், துணியின் வயதை அல்ல.

முதலில் இழை. உள்மடிப்பில் தொங்கும் ஒரு நூலை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்த வேண்டும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் அடிக்கும். நைலான் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். ரேயான் பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றும்; ஆனால் ரேயான் நனைந்தால் வலுவிழந்து சட்டென்று அறும், பருத்தி அறாது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது 1938-இல். இந்தியாவில் நைலான் இழைத் தயாரிப்பு வேர்பிடித்தது 1960-களில். ஆகவே நைலான் லேஸ் வைத்த பாடியை ‘வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்’ என்று யாராவது விற்க வந்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம். துணி பருத்தியாக இருந்தாலும் தைத்த நூலையும் எரித்துப் பார்க்க வேண்டும். பருத்தித் துணியில் உருகும் நூல் ஓடினால், ஒன்று பிற்காலத்துத் தையல், இல்லையென்றால் பிற்காலத்து ரிப்பேர்.

அடுத்தது மாட்டும் சாமான். நாடா, முடிச்சு, துணிப் பொத்தான் இவை எந்தக் காலத்திலும் இருந்தவை. அவற்றை நம்பி வயது சொல்ல முடியாது. அமுக்குப் பொத்தான் 1885-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றது. இன்று நாம் பார்க்கும் பல்லுப் பல்லான ஜிப் 1913-இல் உருவாகி 1917-இல் காப்புரிமை பெற்றது. எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவே கூடாது. ரப்பர் இழை காய்ந்து பொரபொரவென்று உதிரும். ஓரத்தில் ஒரு துளி வெளியே தெரிந்தால் அதுவே போதும். டூபாண்ட் ஆய்வகத்தில் 1958-இல் பிறந்த லைக்ரா ரப்பரைப் போல அவ்வளவு எளிதில் காய்ந்து உதிராது. வார்ப்பட்டையை ஏற்றி இறக்கும் வளையம் உலோகமா பிளாஸ்டிக்கா என்பதும் கவனிக்க வேண்டியது. இரும்பு ஊக்கு துருப்பிடித்துத் துணியில் செம்பழுப்பு வட்டம் விட்டிருந்தால், அந்த ஊக்கு அதே இடத்தில் வெகுகாலம் இருந்திருக்கிறது. வட்டம் ஓரிடத்திலும் ஊக்கு வேறோரிடத்திலும் இருந்தால் யாரோ மாற்றித் தைத்திருக்கிறார்கள்.

லேபிள் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் லேபிளில் ஏ, பி, சி, டி என்ற கிண்ண எழுத்தைத் தேடுவார்கள்; அந்த வரிசையை 1932-இல் எஸ்.எச். கேம்ப் நிறுவனம் கொண்டுவந்தது. நம் ஊர் லேபிளில் வேறு கடிகாரங்கள் ஓடுகின்றன. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் 1972 ஆகஸ்டில் பின்கோடு வருவதற்கு முந்தைய வழக்கம். பிறகு அதுவே 600 017 ஆனது. 1939-இல் தொடங்கிய நாயுடு ஹால் போன்ற சென்னைக் கடைகளின் பெயர் கண்ணில் பட்டால் இந்த முகவரி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். அருப்புக்கோட்டைக் கடையின் பெயரோடு ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று இருந்தால் 1985-க்கு முன். ‘காமராசர் மாவட்டம்’ என்று இருந்தால் இன்னும் வசதி. அந்தப் பெயர் 1985 முதல் 1997 வரைதான் இருந்தது.

தமிழ் எழுத்தே ஒரு சாட்சி. ‘விலை’ என்பதில் லகரத்தின் தலைமேல் தும்பிக்கை வளைந்திருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய அச்சு என்று கொள்ளத் தோன்றும். அவசரப்படக் கூடாது. பழைய பிளாக்கைத் தேயும்வரை ஓட்டிய அச்சகங்கள் உண்டு. பெரியாரோ 1935-லேயே புதிய வடிவங்களைத் தம் ஏட்டில் அச்சிட்டுவிட்டார். எழுத்தைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், ஒற்றைச் சாட்சியாக அல்ல.

ஆனால் கரிசல் காட்டு உருப்படிகளில் பாதிக்கு மேல் லேபிளே இராது. உள்ளூர்த் தையல்காரரோ வீட்டிலேயே யாரோ ஒருவரோ தைத்தவை அவை. அங்கே படிக்க வேண்டியது ஓரம். ஓவர்லாக் மிஷின் கிராமத்துக் கடைகளுக்கு எட்டாத காலத்தில் துணியின் வெட்டு விளிம்பை உள்ளே மடித்து இரண்டு முறை அடித்தார்கள், அல்லது கையால் சுற்றித் தைத்தார்கள். காஜாவைக் கையால் எடுத்திருந்தால் தையல் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் பெட்டி காலியாகிவிடும். ரவிக்கை போடாத பாட்டிகளை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்தி, 1859-இல்தான் அரசாணை பெற்றார்கள். கிடைக்காத துணிக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது என்பதைச் சேகரிப்பவர் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, மூலையில் ஒரு கருப்புப் புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுக்கப் போன துணி மாறிப்போகாமல் இருக்கச் சலவைத் தொழிலாளி சேராங்கொட்டைச் சாற்றால் வீட்டுக்கு ஒரு குறி போட்டார். அதிலுள்ள பீனால் வகைப் பொருள் காற்றுப் பட்டுக் கறுத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கும் வெள்ளாவிக்கும் மசியாது. ஒரே பெட்டியில் நான்கு உருப்படியில் ஒரே குறி இருந்தால் நான்கும் ஒரு வீட்டுத் துணி. ஐந்தாவதில் வேறு குறி இருந்தால் அது மருமகளோடு வந்ததா என்று வீட்டில் கேட்கலாம். அழுக்கு என்று நினைத்துப் பிளீச்சில் போட்டால் குறி போகாது, துணிதான் போகும். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, துருப்பிடித்த ஊக்குக்கு அடியில் ஒரு துண்டுத் துணி வைத்து மடித்தால், பெட்டி திரும்பப் பரணுக்குப் போகலாம்.