செய்நிரல் வரலாற்றை வினாவுதல்

ஓர் ஏட்டுச் சுவடியிற் சொல்லொன்று திரிந்து காணப்படின், திரித்தவர் யார், எப்பொழுது, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் பதிப்பாசிரியரை வருத்தும். பல சுவடிகளை ஒப்புநோக்கி ஒருவாறு உய்த்துணர்தலன்றி, ஐயமற அறிதல் அவர்க்கு அரிது. கணினிச் செய்நிரல்களும் பலர் கைபட்டுப் பல்லாண்டு திருத்தப்படுவனவே. ஆயின், அவற்றை ஆக்குவோர் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைத்து, அப்பதிவை வினாவுதற்குரிய கருவிகளையும் அமைத்துக்கொண்டனர்.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொக்கைன்ட் என்பார் ஆக்கிய எஸ்.சி.சி.எஸ். இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. இன்று பெருவழக்கிலுள்ளது, லினக்ஸ் இயங்குதளப் பணியின்பொருட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய 'கிற்' ஆகும். இதன்கண் ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் பெயர், நாள், நேரம், குறிப்புரை என்பவற்றோடு பதியப்படும்.

'லொக்' என்னுங் கட்டளை, ஆள்வாரியாகவோ காலவாரியாகவோ திருத்தங்களை நிரைப்படுத்திக் காட்டும். குறித்தவொரு சொல் எத்திருத்தத்திற் புகுந்தது, எதனில் நீங்கியது என்பதனையும் தேடித்தரும். 'புளேம்' என்பது ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவரைச் சுட்டும். அப்பெயர்க்குப் 'பழி' என்பது பொருளாயினும், அதுகொண்டு ஒருவரைப் பழித்தல் தகாது. வரியின் இடைவெளியை மட்டுஞ் சீர்செய்தவர் பெயரும் ஆங்கே தோன்றக்கூடும்.

இவற்றினும் வியத்தற்குரியது 'பைசெக்ற்' ஆகும். முன்பு செவ்வனே இயங்கிய மென்பொருள் இன்று பிழைபடுகின்றது. இடையே ஆயிரந் திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன எனக் கொள்வோம். இக்கட்டளை நடுவணுள்ள நிலையை எடுத்து நம்முன் வைக்கும். ஆங்குப் பிழை உளதாயின் குற்றம் முற்பாதியிலும், இலதாயின் பிற்பாதியிலும் உள்ளதென்பது தெளிவு. மீண்டும் மீண்டும் இவ்வாறு பாதியாக்க, 500, 250, 125 எனத் தொகை குறைந்து, ஏறக்குறையப் பத்துச் சோதனைகளிற் குற்றத்தின் பிறப்பிடம் அகப்படும். திருத்தங்கள் சிறியனவாயும், தனித்தனியே இயங்கத்தக்கனவாயும் இருந்தாலே இம்முறை நன்கு பயன்றரும்.

இக்கருவிகள் யார், எப்பொழுது, எதனை என்னும் மூன்றற்கும் தவறாது விடையளிப்பன. ஏன் என்பதற்கோ, திருத்தியவர் எழுதிய குறிப்புரையிலுள்ளதனையே எடுத்துக்காட்ட வல்லன. 'சிறு திருத்தம்' என இரு சொல்லில் முடித்தவரது கருத்தை எக்கருவியும் தேடித்தாராது. காரணமறியாத பின்னவர், பயனற்றதெனக் கருதி அவ்வரியை நீக்குவர். அது தடுத்துநின்ற பழைய பிழை மீண்டுந் தலைதூக்கும். ஆதலின், செய்நிரல் எழுதப் புகும் இளைஞர், மாற்றத்தோடு அதன் காரணத்தையும் இரண்டொரு வாக்கியத்தில் எழுதிவைத்தலைத் தம் கடமையாகக் கொள்வாராக.