வெயிலும் தோலும்

படுவான்கரை வயல்களிலும் வாவியிலும் பாடுபடும் நமக்கு வெயில் புதிதல்ல. 2006, 2007 இடப்பெயர்வில் தரப்பாளின் கீழ் கிடந்து மர நிழலையும் இழந்தோம். "நம் கறுத்தத் தோலை வெயில் என்ன செய்யும்?" என்கிறோம்.

அதில் உண்மை உண்டு. தோலுக்குக் கருமை தரும் மெலனின் புற ஊதாக் கதிர்களைப் பெரிதும் தடுக்கிறது. ஆகவே நம்மிடையே தோற்புற்றுநோய் அரிது. ஆனால் அது முழுக்காப்பல்ல. அக்கதிர்கள் தோற் கலங்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. உடல் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொள்கிறது. திருந்தாதவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கட்டியாகலாம்.

பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பிள்ளைகளுக்கு மெலனின் மிகக் குறைவு. ஆபத்து அவர்களுக்கே அதிகம். முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணிவிப்போம். காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை நிழலில் வைத்திருப்போம்.

உள்ளங்காலில் தோன்றும் கருங்கட்டிக்கு வெயில் முக்கிய காரணமல்ல. ஆயினும் அதுவும் கொடியது.

எனவே ஒரு மாதமாகியும் ஆறாத புண், நிறம் மாறி வளரும் மச்சம், உள்ளங்காலில் புதிய கரும்புள்ளி எதையும் எண்ணெய் பூசி நாள் கடத்தாமல் வைத்தியசாலையில் காட்டுவோம். தொடக்கத்திலேயே வெட்டி அகற்றினால் பெரும்பாலும் குணமாகும். அரிய நோய் என்று அசட்டையாய் இருக்கவேண்டாம்.