சருகுக்குள் இருக்கிறது இரை

தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் பங்குனி பிறந்துவிட்டால், விடியற்காலை குண்டுக்கரிச்சானுக்குச் சொந்தம். லோக்கல் ரயில்களின் இரைச்சல் ஏறுமுன், மாமர உச்சியிலோ மொட்டைமாடி ஆன்டெனாவிலோ அமர்ந்து ஆண் பறவை பாடத் தொடங்கிவிடும். சுமார் 19 செ.மீ. நீளம். மினுங்கும் கறுப்பு, தோளில் வெள்ளைப் பட்டை, தூக்கிப் பிடித்த வால். பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம். வங்காளிகள் இதைத் தோயெல் என்பார்கள். பங்களாதேஷின் தேசியப் பறவை இதுதான். 

அடர்காட்டைத் தேடிப் போகும் பறவையல்ல இது. மரநிழலும் அதையொட்டிய வெட்டவெளியும் போதும். ரயில் பாதைக்கு வடக்கே, சதுப்பு நிலத்தில் 1920-களில் வெட்டத் தொடங்கிய ஏரி இருக்கிறது. 1958 முதல் அதன் பெயர் ரவீந்திர சரோபர். அதன் கரைமரங்களும், பாதைக்குத் தெற்கே லேக் கார்டன்ஸின் வீட்டுத் தோட்டங்களும் இதற்கு நல்ல வாழிடம்.

பாட்டு உச்சியில், சாப்பாடு தரையில். தாழ்ந்த கிளையிலிருந்து தொப்பென்று இறங்கி, தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு, மண்புழு, நத்தை, பூரான் என எதையும் விடாது. குட்டிப் பல்லியைக்கூடக் கொத்திக்கொண்டு போகும். கல்யாண முருங்கை பூத்தால் தேனும் குடிக்கும். மற்ற பறவைகள் கூடடைந்த பிறகும், அந்தி மங்கும்வரை பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். குஞ்சுகளை வளர்ப்பதும் இந்தப் பூச்சிகள்தான். மரப்பொந்திலோ பழைய சுவரின் ஓட்டையிலோ நான்கைந்து முட்டைகள், அடைகாப்பது பெண். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது அந்த ஓட்டைகளும் போய்விடுகின்றன. நல்லவேளையாக, மரத்தில் கட்டிவைக்கும் கூட்டுப்பெட்டியையும் இது ஏற்றுக்கொள்ளும்.

குரலுக்காகவே இதைப் பிடித்துக் கூண்டிலடைத்த கொடுமை ஆசியாவில் பல இடங்களில் உண்டு. சிங்கப்பூரில் 1970-களில் ஏறக்குறைய அற்றுப்போனது, பிறகு கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் லேக் கார்டன்ஸில் எனக்குக் கவலை தருவது துடைப்பம். பூங்காவிலும் தோட்டத்திலும் ஓர் இலைகூட இல்லாமல் கூட்டி அள்ளினால், இரையையும் சேர்த்தே அள்ளுகிறோம். குஞ்சு பொரிக்கும் பங்குனி முதல் ஆடி வரையாவது, மரத்தடியில் ஒரு பாத்தி அகலத்துக்குச் சருகை அப்படியே விட்டுவையுங்கள். அங்கே பூச்சிமருந்தும் தெளிக்காதீர்கள்.