தோண்டுவதற்கு முன் ஒரு கேமரா

2017 ஏப்ரலில் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் திடீர்ப் பள்ளத்தில் இறங்கி நின்ற படம் சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. அதற்குக் காரணம் மெட்ரோ ரயில் சுரங்கப் பணி. ஆனால் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பக்கம் மழைக்காலத்தில் சாலையில் விழும் சின்னப் பள்ளங்கள் பலவற்றுக்கும் மெட்ரோவுக்கும் சம்பந்தமே இல்லை. நேற்று வரை நன்றாக இருந்த தார்ச்சாலை காலையில் உள்வாங்கியிருக்கும். யாரோ ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் செருகி வைத்திருப்பார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே மண்ணையே காணோம். பல நேரங்களில் அந்த மண் போன இடம், கீழே ஓடும் பாதாளச் சாக்கடைக் குழாய்.

கடலோரப் பகுதிகளில் நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் மணல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, ஆழத்தில் கிடக்கும் குழாயை மூழ்கடிக்கிறது. குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருந்தால் போதும், வெளியே உள்ள தண்ணீர் அந்த வழியாக உள்ளே புகும், மணலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கழிவுநீரோடு அந்த மணல் உந்து நிலையம் வரை போய்விடும். இந்தப் பக்கம் குழாய்க்கு மேலே ஒரு பொந்து உருவாகி, மாதக் கணக்கில் வளர்ந்து, தாரின் அடிவயிற்றைத் தொடும். ஒருநாள் அதன்மேல் தண்ணீர் லாரி ஏறும்.

கோடையில் நடப்பது நேர்மாறு. நிலத்தடி நீர் கீழே இறங்கியதும், அதே விரிசல் வழியாகக் கழிவுநீர் வெளியே கசிகிறது. பக்கத்திலேயே கிணறோ, ஆழ்துளைக் கிணறோ, ஓட்டை விழுந்த குடிநீர்க் குழாயோ இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சென்னையில் பாதாளச் சாக்கடையின் தொடக்கம் 1890-களில். 1910-இல் நகரம் முழுமைக்குமாகப் போட்ட திட்டம், 1961-இல் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணக்கிட்டது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 46 லட்சம் பேர். இடைப்பட்ட நூறாண்டில் நகரம் தெற்கே நகர்ந்துகொண்டே போனது. 1920-களில் பழைய ஏரிப்படுகையின் மேல் தியாகராய நகர் எழுந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அடையாறு காந்தி நகர் வந்தது. குழாய்களும் அந்தந்தக் காலத்துக்கு ஏற்றபடி வகைவகையாகப் புதைக்கப்பட்டன.

பழைய தெருக்களில் கிடப்பவை ஸ்டோன்வேர் குழாய்கள், அதாவது சுட்ட களிமண்ணில் மெருகேற்றியவை. இவற்றை அமிலம் அரிக்காது, துருவும் பிடிக்காது. பலவீனம் இணைப்பில்தான் இருக்கிறது. ஒரு குழாயின் நீளம் இரண்டடி என்றால், முந்நூறு அடித் தெருவில் நூற்றைம்பது இணைப்புகள். ஒவ்வொன்றையும் சணல் திணித்து, சிமெண்ட் கலவை பூசி மூடியிருப்பார்கள். மேலே லாரி ஓடி ஓடி அந்தப் பூச்சு விரிசல் விடும். ஈரம் தேடி வரும் அரச மர வேருக்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். உள்ளே நுழைந்த பின் அது குழாய் முழுக்கப் புதராக விரிந்துவிடும்.

கான்கிரீட் குழாயின் வியாதி வேறு. தேங்கிய கழிவுநீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. குழாயின் மேல் வளைவில் படிந்த ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கான்கிரீட்டின் உச்சியை அரிக்க, உள்ளே உள்ள கம்பி வெளியே தெரியும். வெப்பம் கூடக்கூட இந்த வேலை வேகமாக நடக்கும் என்பதால் சென்னைக்கு இது சிறிய பிரச்சினை அல்ல.

இப்படிப் பழுதான குழாயை என்ன செய்வது? நமக்குப் பழக்கமான வழி, தோண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவது.

பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் கிடக்கும் குழாயை எடுப்பது லேசான காரியமில்லை. முதலில் சாலை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் அந்த அனுமதியும் நின்றுபோகும். மேல்மண்ணை எடுத்ததும் மின் கேபிள், தொலைபேசிக் கேபிள், குடிநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஊற்றுநீர் பொங்கும், பம்ப் செட் ராத்திரி பகலாக ஓடும். ஈர மணல் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளர்கள் உயிரோடு புதைந்துபோகும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். வேலை முடிந்து மண்ணை மூடும்போது அடுக்கடுக்காக இறுக்காமல் விட்டால், அடுத்த மழைக்கு அந்த நீளம் முழுவதும் சாலை அமிழும். ரங்கநாதன் தெரு போன்ற இடத்தில் ஒரு வாரம் பள்ளம் தோண்டிப் போட்டால் எத்தனை கடைகளின் வியாபாரம் படுக்கும்! தேர் வரும் மாட வீதியில் தோண்டுவதற்குப் பங்குனி மாதத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இன்னொரு வழி, பழைய குழாயை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்குள் புதிதாக ஒரு குழாயை உருவாக்குவது. 1971-இல் எரிக் வுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதியின் பழைய சாக்கடை ஒன்றில் இதை முதன்முதலாகச் செய்து காட்டினார். சுமார் 70 மீட்டர் நீளம். அந்த முறை இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

முதலில் அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பாய்ச்சும் ஜெட் ராடிங் வண்டியால் குழாயைத் துப்புரவாகக் கழுவுவார்கள். வேரை வெட்டுவார்கள். சக்கரம் வைத்த கேமராவை உள்ளே அனுப்பி, எந்த இடத்தில் விரிசல், எந்த வீட்டு இணைப்பு எங்கே வந்து சேர்கிறது என்று மீட்டர் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குழாயின் அளவுக்கே தைத்த கெட்டியான ஃபெல்ட் துணிப் பை ஒன்று தயாராகும். அதில் ரெசின் பிசினை ஊற ஊற ஏற்றியிருப்பார்கள். சூடுபட்டால் பிசின் வழியிலேயே இறுகிவிடும் என்பதால், குளிர்பெட்டி லாரியில் பனிக்கட்டிக்கு நடுவே பை வந்து இறங்கும்.

மேன்ஹோல் வாயில் பையின் ஒரு முனையைக் கட்டி, தண்ணீரை உள்ளே விடுவார்கள். தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவோமே, அதுபோலப் பை தன்னைத்தானே திருப்பிக்கொண்டு குழாய்க்குள் ஊர்ந்து போகும். அப்படிப் போகையில் பிசின் ஏறிய பக்கம் பழைய சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மேன்ஹோலை எட்டியதும் வெந்நீரைச் சுழலவிட்டோ, நீராவி செலுத்தியோ சூடேற்றுவார்கள். புற ஊதா விளக்குகளை உள்ளே இழுத்துச் செல்லும் முறையும் உண்டு. சில மணி நேரத்தில் துணி இறுகி, இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாய் ஆகிவிடும். கடைசியாக ஒரு சிறு ரோபோ உள்ளே போகும். வீட்டு இணைப்புகள் இருந்த இடத்தில் புதுச் சுவர் லேசாகக் குழிந்திருக்கும். கேமராவில் அதைப் பார்த்து, அந்த வட்டத்தை மட்டும் வெட்டித் திறந்துவிடும். இதற்கு வடிவமைப்பில் சொல்லும் ஆயுள் 50 ஆண்டு.

இது வெளிநாட்டு வித்தை, நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்க வேண்டியதில்லை. தில்லியில் ஜல் போர்டு, பழுதான பெரிய கழிவுநீர்க் குழாய்களை இதே முறையில் சீர்செய்திருக்கிறது. கொல்கத்தாவில் 19-ஆம் நூற்றாண்டின் செங்கல் சாக்கடைகளுக்குள் கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் உறைகளைப் பொருத்தினார்கள். ஆள் நடக்கும் அளவுக்குப் பெரிய அந்தச் செங்கல் வளைவுகளைப் போக்குவரத்து நெரிசல் மிக்க தெருக்களில் தோண்டி எடுப்பது நினைத்துப் பார்க்கக்கூடியதே அல்ல. சிங்கப்பூர் 1996 முதல் பகுதி பகுதியாகத் தன் பழைய சாக்கடைகளுக்கு உள்ளுறை போட்டு வருகிறது.

ஆனாலும் இந்த முறையால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. நொறுங்கி விழுந்த குழாய்க்குள் பை போகாது. சரிவு தவறிய குழாய்க்கும் இது பயன்படாது. நடுவில் அமிழ்ந்து எப்போதும் கழிவுநீர் தேங்கும் இடத்தில் உள்ளுறை போட்டால், பழைய பள்ளத்திலேயே பளபளப்பான புதுப் பள்ளம் கிடைக்கும், அடைப்பு தொடரும். தட்டையான சென்னையில் இது பெரிய விஷயம். சரிவு கிடைக்காததால்தான் 200-க்கும் மேற்பட்ட உந்து நிலையங்கள் வைத்துக் கழிவுநீரை மேலேற்ற வேண்டியிருக்கிறது.

தியாகராய நகரின் பிரச்சினை பெரும்பாலும் மூன்றாவது வகை, கொள்ளளவுப் பற்றாக்குறை. தனி வீடு இருந்த மனையில் இன்று நான்கு மாடி அடுக்ககம். பக்கத்திலேயே ஜவுளிக்கடை, ஓட்டல். குழாயின் சுவர் நன்றாகவே இருந்தாலும் அதன் விட்டம் போதவில்லை. 225 மில்லிமீட்டர் குழாயில் 6 மில்லிமீட்டர் தடிமனில் உறை போட்டால், உள்ளே இருக்கும் பரப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வழுவழுப்பான சுவரால் ஓட்டம் சுலபமாகி அந்த இழப்பு பெருமளவு ஈடுகட்டப்படும். ஆனால் இரண்டு மடங்கு கழிவுநீரை அது தாங்காது. அங்கே பெரிய குழாய்தான் வேண்டும். அதற்கும் முழுத் தெருவைத் தோண்டாத ஒரு வழி உண்டு. கூம்பு முனையால் பழைய குழாயை உள்ளிருந்தே உடைத்து மண்ணுக்குள் தள்ளிக்கொண்டே, பின்னால் சற்றுப் பெரிய பாலித்தீன் குழாயை இழுத்து வருவது. பிரிட்டனில் எரிவாயுக் குழாய்களை மாற்றப் பிறந்த உத்தி இது. பக்கத்திலேயே பழைய குடிநீர்க் குழாயும் கேபிளும் நெருக்கிக் கிடக்கும் தெருவில், மண் நகரும் என்பதால் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஏற்கெனவே திறந்து கிடக்கும் இடங்களில் உள்ளுறையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா வழித்தடங்களில் பள்ளம் தயாராக இருக்கும்போதே பழைய குழாயை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மாறாக, காந்தி நகரின் மர நிழல் தெருக்களில், குழாயின் அளவும் சரிவும் சரியாக இருந்து இணைப்பு மட்டும் விட்டிருந்தால், பெரிய மரங்களின் வேரை வெட்டிக்கொண்டு தோண்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உள்ளுறைப் பணியில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பதிவில் இல்லாத கள்ள இணைப்புகள் நம் தெருக்களில் ஏராளம். கேமராவில் தெரியாமல் போனால் ரோபோ அதைத் திறக்காது, மறுநாள் அந்த வீட்டுக் குளியலறையில் சாக்கடை எதிர்த்து வரும். இன்னொன்று நாற்றம். பாலியெஸ்டர் ரெசினிலிருந்து ஸ்டைரீன் ஆவி வரும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீராவி முறையில் வெளியேறும் புகையில் வேறு வேதிப்பொருள்களும் கலந்திருப்பதை 2017-இல் எடுத்துக்காட்டினார்கள். தெருவில் இந்த வேலை நடந்தால், புழங்காத குளியலறையின் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வையுங்கள். டிராப்பில் தண்ணீர் நின்றால் ஆவி வீட்டுக்குள் ஏறாது. வேலை செய்பவர்களுக்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம்.

அவர்களைப் பற்றி இன்னும் ஒன்று. உள்ளுறை போடும் முன்னும் குழாயைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அந்தச் சாக்கில் எவரையும் மேன்ஹோலுக்குள் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதையும் தடுக்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஜெட் வண்டியும் கேமராவும் இருக்கையில் ஒரு மனிதரை உள்ளே அனுப்புவதை மன்னிக்கவே முடியாது.

வீட்டுச் சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோல் வரை இருக்கும் நான்கங்குல, ஆறங்குலக் குழாய்க்கு இத்தனை யோசனை தேவையில்லை. இருபது, முப்பது அடி நீளம், ஆழமும் குறைவு. நல்ல பிளம்பரை வைத்துத் தோண்டி, சரிவு பார்த்து, பி.வி.சி. குழாயை மாற்றுவதே பெரும்பாலும் மலிவு. மொட்டை மாடி மழைநீரை அந்தக் குழாயில் விடாமல் பார்த்துக்கொண்டால் தெருவே தப்பிக்கும்.

தெருக் குழாய்க்கு எந்த வைத்தியம் என்பதைப் பழக்கமோ, ஒப்பந்தக்காரரின் வசதியோ தீர்மானிக்கக் கூடாது. கேமரா உள்ளே போய் வந்த பிறகுதான் அந்த முடிவை எடுக்க வேண்டும். சாலைக்குப் புதுத் தார் ஊற்றிய பிறகு கேமரா அனுப்பிப் பயனில்லை. உங்கள் தெருவுக்குப் புதுச் சாலை வரப்போகிறது என்று தெரிந்தால், கீழே உள்ள குழாயைக் கேமரா வைத்துப் பார்த்தாயிற்றா என்று வார்டு கவுன்சிலரிடமும் குடிநீர் வாரியப் பகுதிப் பொறியாளரிடமும் எழுதிக் கேளுங்கள். சாலை லேசாக அமிழ்வதைக் கண்டாலோ, ஒரே மேன்ஹோல் திரும்பத் திரும்பப் பொங்கினாலோ, சென்னைக் குடிநீர் வாரியத்தின் 044-45674567 அல்லது 1916 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.