பழைய கார், சாவி காணோம், ஸ்டீயரிங் லாக்: பர்ஸை எங்க திறக்கணும், எங்க திறக்கக் கூடாது?



ஊர்ல அப்பாவோட பழைய கார் ஒண்ணு ரெண்டு வருஷமா ஷெட்ல நிக்குது. இப்போ உங்களுக்கு வேலை கிடைச்சாச்சு. புதுக் காருக்கு ஈஎம்ஐ கட்டுறதுக்குப் பதிலா இதையே ஓட்டலாம்னு முடிவு பண்றீங்க. நல்ல முடிவுதான். ஆனா சாவியைத் தேடினா காணோம், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கிட்டு நிக்குது. பக்கத்துத் தெருவுல ஒருத்தர், "500 ரூபா கொடு தம்பி, அஞ்சு நிமிஷத்துல உடைச்சுத் தர்றேன்" அப்படின்னு சொல்றார்.

அவருக்குப் பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஸ்டீயரிங் லாக்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. சாவியை எடுத்த பிறகு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினா, ஸ்பிரிங் வச்ச ஒரு இரும்பு முளை ஸ்டீயரிங் தண்டுல இருக்குற பள்ளத்துல போய் உட்காரும். அவ்வளவுதான். டயர் நடைபாதைக் கல்லுல முட்டிக்கிட்டு நின்னா அந்த முளை மேல அழுத்தம் விழும். அப்போ சாவி இருந்தாலும் திரும்பாது. நிறைய பேர் இதுக்கே பயந்துபோய் மெக்கானிக்கைக் கூப்பிடுறாங்க. ஒரு கையால ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசா ஆட்டிக்கிட்டே, இன்னொரு கையால சாவியை மெதுவா திருப்புங்க. செலவு 0 ரூபாய். பலம் மட்டும் காட்டாதீங்க. சாவி உள்ளேயே முறிஞ்சா அது வேற கதை.

சாவியே இல்லைன்னா, முதல்ல வீட்டை ஒரு அலசு அலசுங்க. புதுசா வாங்கும்போது பொதுவா ரெண்டு சாவி கொடுத்திருப்பாங்க. பல கார்கள்ல அதோட எண் அடிச்ச ஒரு சின்னத் தகடும் வரும். பீரோவுல, ஆர்சி வச்ச பழைய கவர்ல, பூஜை ரூம் டப்பாவுல பாருங்க. அந்த எண் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது. ஆர்சியும் அடையாள அட்டையும் காட்டினா, டீலர் மூலமா அந்த எண்ணுக்குச் சாவி கிடைக்க வாய்ப்பு இருக்கு. கார் அப்பா பேர்ல இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க.

எண்ணும் இல்லையா? கார் நிக்கிற இடத்துக்கே வந்து, பூட்டைப் பார்த்துச் சாவி வெட்டித் தர்றவங்க இருக்காங்க. ஆர்சியைக் கேக்காம வேலையை ஆரம்பிக்கிற ஆளை நம்பாதீங்க. உங்ககிட்ட கேக்காதவர் திருடன்கிட்டயும் கேக்க மாட்டார். பழைய கார்பரேட்டர் காலத்து வண்டிக்கு வெறும் இரும்புச் சாவி போதும். சிப் வச்ச சாவின்னா வெட்டினது மட்டும் பத்தாது, வண்டியோட இம்மொபிலைசருக்கு அதை அறிமுகப்படுத்தணும். விலை அங்கதான் ஏறும். "சிப்போட சேர்த்து மொத்தம் எவ்வளவு?"ன்னு முன்னாடியே கேட்டுடுங்க.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோறதா இருந்தா கயிறு கட்டி இழுக்கவே கூடாது. ஸ்டீயரிங் பூட்டின வண்டி திரும்பாது. மொத்த வண்டியையும் மேல ஏத்திட்டுப் போற பிளாட்பெட் லாரிதான் வேணும்.

சரி, அந்த 500 ரூபாய் யோசனையில என்ன தப்பு? உடைச்சா லாக் செட் முழுசா மாத்த வேண்டி வரும். மாத்தாம அப்படியே ஓட்டினா, பாதி உடைஞ்ச முளை ஓடும்போது போய் விழுந்துடுமோங்கிற பயம் எப்பவும் இருக்கும். அது பணத்தால அளக்குற விஷயம் இல்ல.

"இன்ஷூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் பண்ணிக்கலாமே?" இங்கதான் கணக்குப் போடணும். சாவி தொலைஞ்சதுக்குச் சாதாரண பாலிசியில பணம் வராது, அதுக்குத் தனியா ஆட்-ஆன் எடுத்திருக்கணும். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா பேச்சே இல்ல. யாரோ திருட வந்து பூட்டை உடைச்சிருந்தா காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில கேக்கலாம்.

உதாரணத்துக்கு லாக் செட் 5,000, கூலி 1,000னு வச்சுக்குவோம். வண்டிக்கு 10 வயசு தாண்டிடுச்சுன்னா உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50% தேய்மானம் கழிப்பாங்க. 5,000ல 2,500 போச்சு. 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கையில வர்றது 2,500.

இப்போ மறுபக்கம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 4,000, அதுல 50% என்சிபி கிடைச்சுக்கிட்டு இருக்குன்னு வைங்க. கிளெய்ம் பண்ணின அடுத்த வருஷம் அது 0. அப்புறம் வருஷா வருஷம் 20, 25, 35, 45னு ஏறி, மறுபடி 50 வரணும். பிரீமியம் மாறாம இருந்தாலே, அந்த அஞ்சு வருஷத்துல நீங்க கூடுதலா கட்டுறது 2,000 + 1,200 + 1,000 + 600 + 200. மொத்தம் 5,000. 2,500 வாங்கி 5,000 கொடுக்குற வியாபாரம் இது. கைக்காசுல முடிச்சுடுங்க.

இதைவிடப் பெரிய பணம் ஒண்ணு இந்தச் சாவியில தொங்குது. நாளைக்கு வண்டி திருடு போச்சுன்னா, இன்ஷூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆரோட எல்லா ஒரிஜினல் சாவியையும் கேக்கும். ஒண்ணு குறைஞ்சா "வண்டியிலயே விட்டுட்டீங்களா?"ன்னு கேள்வி வரும், கிளெய்ம் இழுத்தடிக்கும், நிராகரிக்கவும் செய்யலாம். வண்டி மதிப்பு 1 லட்சம்னா அந்த 1 லட்சமும் சந்தேகத்துல நிக்கும். அதனால சாவி தொலைஞ்சது உறுதின்னா போலீஸ் ஸ்டேஷன்ல மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்க. கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. புதுச் சாவிக்கு வாங்கின பில்லையும் அதோட சேர்த்து வைங்க. செலவு இல்லாத வேலை, ஆனா பெரும்பாலானவங்க செய்யறதில்ல.

இன்னொண்ணு. சாவிக்குக் காசு கொடுக்குறதுக்கு முன்னாடி, வண்டி ஓட என்னென்ன வேணும்னு ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லி எழுதி வாங்குங்க. ரெண்டு வருஷம் நின்ன வண்டியில பேட்டரி, டயர், பிரேக், பெட்ரோல் டேங்க் எல்லாமே கை நீட்டும். 15 வருஷம் தாண்டியிருந்தா பதிவையும் புதுப்பிக்கணும். காருக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரல்லயே 600ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க. எல்லாம் கூட்டினா அதே மாடல் ஓடுற நிலையில கிடைக்குற விலையைத் தொடுதுன்னா, சாவியே செய்ய வேண்டாம். பிளாட்பெட்ல ஏத்தி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்கு அனுப்பி, சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கோங்க.

ஓட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டா, சாவி வெட்ட வந்தவர்கிட்டயே ரெண்டாவதையும் வெட்டச் சொல்லுங்க. ஒரு சாவி கையில இருக்கும்போது இன்னொண்ணு வெட்டுறது மலிவு. அதை உங்க பைக் சாவியோட கோத்து வைக்காம, அம்மாகிட்ட கொடுத்துடுங்க.