உருகியின் சாட்சியம்: வால்வு விரியலாக்கிப் பழுதாய்வு பற்றிய ஒரு குறிப்பு

மின்கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு விரியலாக்கியில் (பொதுவழக்கில் இதனை 'அம்பிளிபயர்' என்பர்) உருகி எரிந்துவிடின், அதனினும் கூடிய அம்பியர் அளவுடையதொன்றை இட்டுக் கருவியை மீள இயக்க முற்படுவோர் பலர். இவர்கள் விளைவைக் காரணமாக மயங்குகின்றனர். பெரிய உருகி எரியாது நிற்க, அதற்குப் பதிலாகக் கருவியின் விலையுயர்ந்த உறுப்பாகிய மின்வழங்கல் நிலைமாற்றி எரிந்துபோகும், தீவிபத்தும் நேரலாம். உருகி எரிந்த தருணத்தையும் விதத்தையும் ஊன்றி நோக்கின் பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் புலனாகும் என்பதே நாம் இங்கு விளக்க முற்படுவது.

கலிபோர்ணியாவில் லியோ பென்டரின் நிறுவனம் 1950களின் பிற்கூற்றில் வெளியிட்ட 'பேஸ்மன்' 5எப்6-ஏ என்பதனை வகைமாதிரியாகக் கொள்வோம். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜே.ரி.எம்.45 இதன் சுற்றையே பெரிதும் தழுவியது. இதிலே நிலைமாற்றி மின்னழுத்தத்தை உயர்த்த, ஜி.இசெட்.34 என்னும் சீராக்கி வால்வு ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகின்றது. வடிகட்டற் கொள்ளளவிகள் அதன் துடிப்பைத் தணிக்கின்றன. இவ்வாறு பெறப்படும் ஏறத்தாழ 430 வோல்ற்று, 5881 வகை வெளியீட்டு வால்வுகள் இரண்டையும் இயக்குகின்றது. அவ்வால்வுகளின் நெய்யரிகளுக்கு வழங்கப்படும் ஏறத்தாழ 48 வோல்ற்று மறையழுத்தமே அவற்றினூடு பாயும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

செய்முறைக்கு முன் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மின்தொடுப்பை அகற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கவல்ல ஏற்றம் எஞ்சியிருக்கக்கூடும். தக்க தடையியொன்றினூடாக அதனை இறக்கி, பல்மானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். இப்பயிற்சி இல்லாதோர் திறந்த கருவியைத் தீண்டலாகாது.

முதலில் எரிந்த உருகியைப் பார்ப்போம். கண்ணாடி கறுத்தோ வெள்ளிபூசியதுபோன்றோ காணப்படின் பேரோட்டம் திடீரெனப் பாய்ந்துள்ளது, குறுஞ்சுற்றை ஐயுறலாம். கம்பி அமைதியாக இளகி அறுந்திருப்பின் மிகைச்சுமை சிறிதுநேரம் நீடித்திருக்கலாம். தாமதித்து எரியும் உருகி இடவேண்டிய இடத்தில் விரைந்து எரிவதை இட்டிருப்பின், ஆளியை இடும்போது எழும் இயல்பான ஓட்டமே அதனை எரித்திருக்கவும் கூடும். அமெரிக்காவின் 117 வோல்ற்று வழங்கலுக்கெனச் செய்த கருவியை 230 வோல்ற்றில் நேரே தொடுத்தாலும் உருகி தாங்காது.

அடுத்து, வழங்கற் கம்பியுடன் 60 அல்லது 100 வாற்று இழை மின்குமிழொன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளல் நன்று. கருவியிற் குறுஞ்சுற்று இருப்பின் குமிழ் முழுவீச்சில் ஒளிரும், உருகிகள் வீணாகா. எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. குமிழ் ஓட்டத்தைக் குறைக்குமேயன்றி உள்ளேயுள்ள உயரழுத்தத்தின் ஆபத்தை நீக்காது.

இனி, வால்வுகள் அனைத்தையும் கழற்றி ஆளியை இடுக. அப்போதும் குமிழ் முழுதாக ஒளிர்ந்தால் பழுது நிலைமாற்றியிலோ, வழங்கற் கம்பியிலோ, வால்வுகளின் இழைச்சுற்றிலோ உள்ளது. அவ்வாறன்றேல் ஜி.இசெட்.34ஐ மட்டும் இடுக. அது சூடேறிச் சில விநாடிகளில் குமிழ் பிரகாசித்தால், அவ்வால்வையோ வடிகட்டற் கொள்ளளவிகளையோ வெளியீட்டு நிலைமாற்றியின் காவலீட்டையோ ஐயுறவேண்டும். நல்லதெனத் தெரிந்த சீராக்கியை மாற்றியிட்டும் நிலை மாறாவிடின் ஐயம் ஏனையவற்றின்மேற் செல்லும். சுமையில்லாதவிடத்து நேரோட்ட அழுத்தம் உயருமாதலின் இச்சோதனையை நீட்டித்தலாகாது. வால்வுக்குப் பதிலாகக் குறைகடத்தி இருவாயிகளைக் கொண்ட கருவிகளில் இப்பிரிப்பு செல்லாது. அங்கு வால்வுகளைக் கழற்றினாலும் உயரழுத்தம் எழும்.

இக்கட்டமும் கடந்தால், வெளியீட்டு வால்வுகளை இடுமுன் அவற்றின் தாங்கிகளில் 5ஆம் முனையை அளக்கவேண்டும். தொடர்க்குமிழ் இருக்கையில் அளவு சற்றுக் குறையும். எனினும் மறையழுத்தம் நிலையாக நிற்றல் வேண்டும். அது இல்லாதொழிந்தால் 5881இன் அனோட்டுகள் செந்நிறமாகி, ஓட்டம் பெருகி, உருகி எரியும். மறையழுத்தத்தை வழங்கும் சிறு சீராக்கியோ கொள்ளளவியோ செயலிழந்திருக்கலாம். முன்கட்டத்திலிருந்து வரும் இணைப்புக் கொள்ளளவி கசிந்து நேரழுத்தத்தை நெய்யரிக்குச் செலுத்தலாம். தாங்கியின் தொடுகை தளர்ந்திருக்கலாம். இங்கு புதிய வால்வுகளை இடுவோர் அவற்றையும் இழப்பர். மறையழுத்தம் சரியாயிருந்தும் பழுது தொடருமாயின் மட்டுமே வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் தகும். முன்கட்டச் சிறு வால்வுகள் சொற்ப ஓட்டமே பெறுவன. அவை உருகியை எரித்தல் அரிது.

மேற்கூறிய ஒழுங்கின் பயன் தெளிவானது. ஒவ்வொரு படியிலும் முழுமையின் ஒரு பகுதியை மட்டுமே சேர்த்து, ஒரு கேள்விக்கே விடை காண்கின்றோம். பழுதுபார்ப்போர் கைப்பழக்கமாக அறிந்துள்ள இம்முறை கல்வியுலகிற் போதிய மதிப்பைப் பெற்றதில்லை. எனினும் அது சீரிய ஆய்வுமுறையே. காரணத்தைக் கண்டு நீக்கிய பின், உற்பத்தியாளர் குறித்த அளவும் வகையும் கொண்ட உருகியையே இட்டு, தொடர்க்குமிழை அகற்றி, கருவியைச் சுமையுடன் ஒரு மணிநேரமாவது இயக்கிப் பார்த்தல் வேண்டும்.