டயருக்குள் ஓடும் பாவு

சோமனூரில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். பாவு பீம்களையும் காடா துணிக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டிகள் பல்லடத்துக்கும் கருமத்தம்பட்டிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகள் எதன்மேல் ஓடுகின்றன என்று கேட்டால், ரப்பர்மேல் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் தேய்ந்துபோன டயர் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், தறி ஓட்டுகிறவர்களுக்கு உடனே பிடிபடும். உள்ளே இருப்பது துணி.

அந்தத் துணியின் நெசவு வித்தியாசமானது. பாவு இழைகள் முறுக்கேறி, தடித்து, நெருக்கமாக நிற்கும். ஊடை மிக மெல்லியது. பாவு கலையாமல் பிடித்துவைக்க மட்டும் தூரத் தூர ஓடும். சுமை தாங்கும் வேலை முழுக்கப் பாவுக்குத்தான்.

இதற்குக் காரணம் உண்டு. ஆரம்பகால டயர்களில் சாதாரண கேன்வாஸ் துணியைத்தான் வைத்தார்கள். பாவும் ஊடையும் ஏறி இறங்கும் இடங்களில் நூல்கள் உரசிச் சூடேறி, ஒன்றை ஒன்று அறுத்தன. ஊடையை ஏறக்குறைய எடுத்துவிட்டு, பாவு இழைகளைத் தனித்தனியாக ரப்பரில் பதித்த பிறகே டயரின் ஆயுள் கூடியது. அன்று அந்த இழை பருத்தி நூல். டயருக்கு வேண்டிய நீண்ட இழைப் பருத்திக்காக குட்இயர் நிறுவனம் 1917-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிலம் வாங்கிப் பயிர் வைத்தது. அந்த இடம் இன்று குட்இயர் என்ற பெயரிலேயே ஒரு நகரம். பருத்திக்குப் பின் ரேயான், நைலான், பாலியஸ்டர், எஃகுக் கம்பி என்று இழைகள் மாறின. சென்னையை அடுத்த மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1970-களிலிருந்து நைலான் டயர் துணி நெய்கிறது.

மலைக்கும் பாலைவனத்துக்கும் ஜீப் எடுத்துப் போகிறவர்கள் டயர் வாங்கும்போது பார்ப்பது பெரும்பாலும் தரையைப் பிடிக்கும் பட்டனின் ஆழத்தையும் தோற்றத்தையும்தான். வழியில் ஆளைக் கைவிடுவதோ பக்கச் சுவருக்குள் இருக்கும் இந்தப் பாவு. அதைக் காப்பாற்றுவது காற்றும் வேகமும்.

தாங்குவது காற்று

சுமையோடு 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒரு டயருக்கு 500 கிலோ. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம் விழும். ஆகவே டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர், நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவைவிடச் சற்றே பெரியது. காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அதே பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது.

பரப்பு கூடும்போது டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் அதிகம் படிகிறது. மணலில் புதையாமல் மிதந்து போவதற்கு இந்த நீளம் உதவுகிறது. கூர்மையான கல்மேல் ஏறும்போதும் இதே கதைதான். காற்று முறுக்கேறி நிற்கும் டயரில் கல் குத்தி இறங்கும். காற்று குறைந்த டயர் கல்லைச் சுற்றி வளைந்து, அழுத்தத்தைப் பரவலாக வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் எப்போதும் காற்றைக் குறைத்தே ஓட்டலாமே? அங்கேதான் ஆபத்து.

வினாடிக்கு ஒன்பது முறை

245/75 ஆர்16 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு ஒன்பது முறை சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை பிதுங்கி, ஒருமுறை நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைப் போல, ரப்பரும் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சூட்டைத் தனக்குள் தேக்குகிறது. காற்று குறையக் குறைய வளைவு பெரிதாகும், வேகம் கூடக் கூட வளையும் முறை பெருகும். சுமை கூடினாலும் வளைவு பெரிதாகும். ஒரு கட்டத்தில் இழைக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது, இழை வலுவிழக்கிறது, டயர் வெடிக்கிறது. நெடுஞ்சாலையில் வெடித்த டயர்களில் பலவற்றுக்கு ஆணியோ கல்லோ காரணமில்லை. காற்று குறைந்திருப்பது தெரியாமல் வேகமாக ஓட்டியதுதான் காரணம்.

டயரின் மேல் விழும் சுமை கணக்கைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. அதில் கோவைக்கும் பங்கிருக்கிறது. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். இரண்டு நாள் முன்பு பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் கார், 13-ஆம் வளைவில் இடது பின் டயர் பழுதாகிச் சுவரில் மோதியிருந்தது. சரிவாக எழுப்பப்பட்ட வளைவு அது. அங்கே காரின் வேகம் டயரைத் தளத்தோடு சேர்த்து நசுக்கும். அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் தன் டயர்கள் தாங்கும் என்று உறுதி தர முடியாது என மிஷலின் நிறுவனம் சொல்லிவிட்டது. மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ஜோர்டன் அணிக்காக ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஆஸ்திரேலியா கற்றுத்தரும் பாடம்

டயரின் தாங்குதிறனைக் கடுமையாகச் சோதிக்கும் சாலைகள் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹால்ஸ் கிரீக்கையும் விலுனாவையும் இணைக்கும் கானிங் கால்நடைத் தடம் சுமார் 1,850 கி.மீ. நீளம். வழியெங்கும் மணல்மேடுகள். சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஏறி இறங்க வேண்டும். மாரியையும் பேர்ட்ஸ்வில்லையும் இணைக்கும் 517 கி.மீ. தடத்தில் கிப்பர் என்று அவர்கள் சொல்லும் கற்கள் பரந்து கிடக்கின்றன. பஞ்சர் கடை என்பது ஒரு நாள் பயணத் தொலைவில்கூட இல்லாமல் போகலாம்.

அங்கே போகிறவர்கள் காற்றை ஒரே அளவில் வைத்து ஓட்டுவதில்லை. தார்ச்சாலையில் 36 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் சரளைச் சாலையில் கால்வாசி குறைப்பார்கள், மணலில் 16 அல்லது 18-க்கு இறக்குவார்கள். காற்று இறங்கினால் வேகமும் இறங்க வேண்டும் என்பது அவர்கள் மீறாத விதி. தார்ச்சாலை வந்ததும் கையோடு கொண்டுவந்த 12 வோல்ட் கம்ப்ரசரில் மறுபடி காற்று ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்வதும் அங்கே சாதாரணம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்துகொள்வார்கள். ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளப்பார்கள். எல்.டி. (லைட் டிரக்) ரக டயரில் 6 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தால் சரி. அதைவிட அதிகமாக ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்திருக்கிறது, அல்லது சுமையோ வேகமோ கூடிவிட்டது.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

ரேடியல் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டைகள் உண்டு. பக்கச் சுவரில் அவை கிடையாது. அங்கே ஓரிரண்டு அடுக்குப் பாலியஸ்டர் இழைதான். ஆணி குத்தினால் பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி ஊர் போய்ச் சேரலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. கல்தடத்துக்கான சில டயர்களில் மூன்றாவது அடுக்கு சேர்ப்பது இதனால்தான்.

பழைய மகிந்திரா ஜீப்புகளில் வரும் 6.00-16 குறுக்கிழை நைலான் டயர்களில் அடுக்குகள் எல்லாமே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடுவதால் பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும். மலைத்தடத்தில் மெதுவாக ஊர்ந்து போவதற்கு அது பொருந்தும். ஆனால் தடித்த சுவர் வளையும்போது அதிகச் சூடு பிறக்கும். நெடுஞ்சாலை வேகத்துக்கு ரேடியலே ஏற்றது.

கடையில் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளை நின்று படிக்க வேண்டும். ஒரே 245/75 ஆர்16 அளவில் 111 எஸ் என்று ஒரு டயர் இருக்கும், எல்.டி. 120/116 கியூ என்று இன்னொன்று இருக்கும். 111 என்றால் 1,090 கிலோ தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ. இரட்டைச் சக்கரமாகப் பூட்டினால் 1,250 கிலோ, அதுதான் 116. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வேகத்தையும், கியூ என்பது 160 கி.மீ. வேகத்தையும் குறிக்கும். எல்.டி. டயர் அந்த முழுச் சுமையைத் தாங்க அதிகக் காற்று வேண்டும், பயணமும் சற்றுக் கட்டாந்தரைபோல இருக்கும். நூறு லிட்டர் டீசல், அறுபது லிட்டர் தண்ணீர், கூரைமேல் கூடாரம் என்று ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் சிரமம் தகும்.

ரிம்மின் அளவும் முக்கியம். மகிந்திரா தார் வண்டி 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரு வகை டயர்களில் வந்திருக்கிறது. முதலாவதில் பக்கச் சுவரின் உயரம் 184 மி.மீ., இரண்டாவதில் 166 மி.மீ. பெரிய ரிம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். கல்லில் வளைந்து கொடுக்கவும், காற்றை இறக்கி ஓட்டவும் உயரமான சுவரே கை கொடுக்கும்.

பட்டன் விஷயத்தில் பேராசை வேண்டாம். சேற்றுக்கான எம்.டி. டயரின் பெரிய கட்டைகள் சேற்றை உதறித் தள்ளும். தார்ச்சாலையில் அவையே இரைச்சல் போடும், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. கோவையிலிருந்து புறப்படும் பயணத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான் என்பதால் எல்லாத் தரைக்குமான ஏ.டி. வகையே பெரும்பாலோருக்குப் போதும். ரப்பர் கலவையில் இயற்கை ரப்பரின் பங்கு கிழிசலைத் தடுக்கிறது. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டி இறுகுவதால் விரிசல் மேலே பரவ முடிவதில்லை. விமான டயர்களும் கனரக டயர்களும் இயற்கை ரப்பரை நம்பியிருப்பது இதனால்தான்.

நம் மலைகளில்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் வரும். கீழ் கியரில் இறங்கினால் டயரும் சேர்ந்து பிழைக்கும். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்ற காட்டாறுகளில் பல காலம் தண்ணீருக்குள் இறங்கித்தான் வண்டிகள் போய்வந்தன. நனைந்த ரப்பரைக் கல் எளிதாகக் கீறிவிடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான தடத்தில் ஜீப் ஓட்டுநர்கள் நடை வேகத்தில் கல் பார்த்துச் சக்கரம் வைப்பதைப் பயணிகள் கவனிக்கலாம். அந்த நிதானம்தான் அவர்களுடைய டயரின் ஆயுள்.

கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட எல்ஜி ரப்பர் போன்ற நிறுவனங்களின் ரீட்ரெடிங் தொழிலும் இதே உண்மைமேல்தான் நிற்கிறது. தேய்ந்த பட்டனைப் புதிதாக ஒட்டலாம். உள்ளிருக்கும் பாவு சூட்டில் நைந்துவிட்டால் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஆகவே அடுத்த பயணத்துக்கு முன் ஐந்து டயர்களையும், அதாவது ஸ்டெப்னியையும் சேர்த்து, ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் இடுக்கில் உள்ள 1.6 மி.மீ. மேட்டைத் தேய்மானம் தொட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் புடைப்போ வெட்டோ இருந்தால் விலையைப் பார்க்காதீர்கள். நல்ல காற்றழுத்த மானி ஒன்று, கம்ப்ரசர் ஒன்று, பஞ்சர் திரிகள் கொஞ்சம் வண்டியில் இருக்கட்டும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறையுங்கள், தார்ச்சாலை தொட்டதும் மறக்காமல் ஏற்றுங்கள். எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், அனுமதியில்லாத காட்டுத்தடத்திலும் ஓடைப் படுகையிலும் அதை இறக்காதீர்கள்.